தொடாத வாத்தியமும் மூன்று பழைய ரேடியோவும்

டோம்பிவிலியில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு பலகை மேல் மூன்று பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களும் ஒரு செப்புக் குழாயும் நிற்கின்றன. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன சார், கேபிள் கட் ஆயிடுச்சா?"

அது ஒரு வாத்தியம் என்றால் நம்ப மாட்டார்கள். பெயர் தெரமின். தொடாமலே வாசிப்பது. வலது கையை ஏரியலுக்குக் கிட்டே கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். முறையான தெரமினில் இடது கைக்கு வளையம் போல இன்னொரு ஏரியல் உண்டு. அது சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. எங்களுடையது ஏழை வீட்டுத் தெரமின். ஒரே ஏரியல்தான்.

நான் படித்தது பி.காம். இருபது வருடமாக வங்கியில் கணக்கை டேலி பண்ணிக்கொண்டிருப்பவன். சால்டரிங் அயர்னை அதுவரை தொட்டதுகூட இல்லை. எட்டாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் 'நீங்களே ஒரு வாத்தியம் செய்து வாருங்கள்' என்று வேலை கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர்களோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அவளோ எங்கேயோ தெரமினைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். அப்படித்தான் இதன் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது தோற்றுப்போன ஒரு சரக்கின் கதை என்று தெரிந்தது. வணிகவியல் படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? :-)

1920, ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரம். லெவ் தெர்மென் என்ற இளம் இயற்பியலாளர், முறையாக செல்லோ படித்தவர், அப்ராம் யோஃபே நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மேற்கு நாடுகளில் இவரைத்தான் லியோன் தெரமின் என்றார்கள். அவருக்குக் கொடுத்த வேலை சங்கீதமே இல்லை. வாயுக்களின் மின்காப்புத் தன்மையை அளக்க ஒரு கருவி செய்ய வேண்டும். இரண்டு வால்வு ஆஸிலேட்டர்களை வைத்து, வாயுவில் வரும் நுண்ணிய மாற்றத்தை ஹெட்போனில் ஒரு விசில் சத்தமாகக் கேட்கும்படி செய்தார். அந்த விசில் வாயுவுக்கு மட்டுமல்ல, அவர் கையை ஆட்டினாலும் மாறியது. வேறு யாராக இருந்தாலும் கருவிக்கு உறை போட்டுக் கையின் தொல்லையைத் தவிர்த்திருப்பார்கள். இவர் செல்லோக்காரர். கையை ஆட்டி ஒரு மெட்டைப் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தார்.

தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது கவனித்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட சேர்ந்து, கொஞ்சம் மட்டும் விலகியிருந்தால் 'வோம்... வோம்...' என்று ஒரு அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சேர்ந்துவிட்டால் நின்றுவிடும். அந்த அலை இரண்டின் வித்தியாசம். தெரமினில் அந்தத் தந்திகள் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். உதாரணத்துக்கு, இரண்டு ஆஸிலேட்டர்களும் நொடிக்கு 5,00,000 தடவை துடிக்கின்றன. வித்தியாசம் பூஜ்யம்; ஒன்றும் கேட்காது. ஒன்றின் பக்கத்தில் கையை நீட்டுகிறோம். அது 4,99,560 ஆகிறது. வித்தியாசம் 440. மேலைநாட்டு வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும் அதே 440. எங்கள் தொழிலில் சொல்வதானால், இரண்டு பெரிய லெட்ஜர்களுக்கு நடுவே வரும் டிஃபரன்ஸைக் காதால் கேட்பது. ஐந்து லட்சத்தில் 440 என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கை நெருங்கும்போது கூடும் மின்தேக்கமோ ஒரு பிகோ ஃபாரட் அளவுதான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. ஒரு ஃபாரடை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு.

இதை ஒரு ராத்திரி மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பினார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலில் முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வால்வு செட், டிரான்சிஸ்டர், பிறகு டேப் ரெக்கார்டர் என்று எல்லாம் பார்த்தார். "இந்தத் தொழில் இனிமே சோறு போடாதுல" என்று சொல்லி என்னை பி.காமில் சேர்த்தவரும் அவர்தான். சொன்னது பலித்தது; கடையை மூடினார். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். மூன்று வருடமாகிறது. ஹிந்தியும் மராத்தியும் தெரியாது. லிஃப்டில் யாராவது பேசினால் சிரித்து வைப்பார். காலையில் பேப்பர், சாயங்காலம் ஜன்னல். கைகளில் கொஞ்சம் நடுக்கம் வந்துவிட்டது. டாக்டர் வயசு என்றார். கடையைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அன்றைக்குப் பேசினார். "ராத்திரி சிலோன் ஸ்டேஷன் பிடிக்கும்போது குறுக்க 'கூய்ய்'னு ஒண்ணு வரும்லா, அதானே இது?"

அதேதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலையங்கள் இருந்தால் அவற்றின் வித்தியாசம் விசிலாகக் கேட்கும். முன்காலத்து செட்டுகளில் கை பட்டாலே, கிட்டே போனாலே நிலையம் நழுவும். அதை ஒழிக்க உள்ளே தகரத் தடுப்பு வைத்தார்கள். "நாங்க எதைத் தொல்லைன்னு துரத்திக்கிட்டு இருந்தோமோ, அதை வச்சு ஒருத்தன் பாட்டு போட்டுட்டானா!" என்றார் அப்பா. பிறகு தினமும் ராத்திரி, நான் படித்ததை அவருக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

லெனின் கதை அவருக்கு ரொம்பப் பிடித்தது. 1922இல் தெர்மென் தன் கருவியை கிரெம்ளினுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த லெனினுக்கு ஆசை வந்துவிட்டது. தெர்மென் பின்னால் நின்று அவர் கைகளைப் பிடித்து வழிகாட்ட, கிளிங்காவின் 'வானம்பாடி' பாட்டை வாசித்தார். கொஞ்ச நேரத்தில் தாமாகவே கையை நகர்த்தினாராம். 1927இல் ஜெர்மனி, லண்டன், பாரிஸ் எல்லாம் சுற்றி அந்த வருடக் கடைசியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார் தெர்மென். 1928 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. என்ற பெரிய ரேடியோ கம்பெனி உரிமம் வாங்கியது. 1929இல் தெரமின் கடைக்கு வந்தது.

இங்கேதான் என் மூக்கு வேர்த்தது. விலை 175 டாலர். வால்வும் ஒலிபெருக்கியும் தனிக்காசு. சேர்த்தால் 230 டாலர் பக்கம் வரும். அன்றைய ஃபோர்டு காரில் பாதி விலை. 'முணுமுணுக்கத் தெரிந்தால் போதும், வாசித்துவிடலாம்' என்கிற ரீதியில் விளம்பரம். அக்டோபரில் பங்குச் சந்தை கவிழ்ந்தது. சுமார் 500 கருவிகளோடு கதை முடிந்தது.

எல்லாப் பழியையும் சந்தைச் சரிவின் மேல் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. கிராமபோன் தட்டைப் போல, பியானோவைப் போல, தெரமினை முடித்துக் கொடுக்க முடியாது. கடையில் சுருதி சேர்த்து அனுப்பியது வீட்டில் நிற்காது. எந்த அறையில் வைக்கிறோம், பக்கத்தில் இரும்பு பீரோ இருக்கிறதா, யார் முன்னால் நிற்கிறார்கள், எல்லாம் கணக்கில் சேரும். ஒல்லியானவர் நகர்ந்து பருமனானவர் வந்து நின்றாலே பூஜ்யம் தள்ளிப்போகும். ஒவ்வொரு தடவையும் வாசிப்பவரே குமிழைத் திருப்பி, தன் உடம்புக்கும் அந்த அறைக்கும் சேர்த்து டேலி பண்ணிக்கொள்ள வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்காமல், முணுமுணுத்தால் போதும் என்று விற்றார்கள். வாங்கிப் போனவர் வீட்டில் அது நாய் ஊளையிடுவது போலத்தானே கேட்டிருக்கும்? வாடிக்கையாளருக்குத் திட்டத்தின் நிபந்தனைகளைச் சொல்லாமல் தலையில் கட்டுவது எங்கள் பக்கமும் நடக்கிற சங்கதிதான், போகட்டும்.

கற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். வில்னியஸில் பிறந்த கிளாரா ராக்மோர், நாலைந்து வயதிலேயே பீட்டர்ஸ்பர்க் இசைப்பள்ளியில் இடம் பிடித்த வயலின் மேதை. அமெரிக்கா வந்த பிறகு கையில் வந்த கோளாறால் வயலினை விட வேண்டி வந்தது. தெரமினைப் பிடித்துக்கொண்டார். விரல்களை மடக்கி நீட்டியே அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொட ஒரு விரல்முறை உண்டாக்கினார். மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும், இடது கை இன்னும் வேகமாகச் சத்தத்தை வெட்ட வேண்டும் என்று தெர்மெனிடமே கேட்டுத் தனக்கென்று ஒரு கருவி செய்து வாங்கினார். கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்ட தெர்மெனை மட்டும் மறுத்துவிட்டார். வாசிக்கும்போது சிலை மாதிரி நிற்பார். தலை அசைந்தால் சுருதி அசையும். நம் வித்வான்களை அப்படி நிற்கச் சொன்னால் கச்சேரி கேன்சல்தான். இன்னொருவர் சாமுவேல் ஹாஃப்மன், கால் வைத்தியர். 1945இல் வந்த ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்திலும், 1951இல் வந்த வேற்றுக்கிரகவாசி படத்திலும் அந்த அமானுஷ்ய ஊளை அவருடைய கைதான்.

தெர்மென் 1938இல் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பினார். அமெரிக்காவில் அவர் கல்யாணம் செய்துகொண்ட கறுப்பின நடனக்காரி லவினியா வில்லியம்ஸ் அங்கேயே தங்கிவிட்டார். 1939இல் கைது, கொலிமா முகாம், பிறகு விஞ்ஞானிகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் சிறை. மேற்கில் அவர் செத்துப்போனதாகவே நினைத்தார்கள். உள்ளே அவர் செய்த ஒரு சாமானை மட்டும் சொல்கிறேன். 1945இல் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதருக்கு சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதர் வீட்டில் மாட்டி வைத்தார். உள்ளே பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. ஒரு சின்ன உலோகக் குடுவை, மெல்லிய சவ்வு, ஒரு ஏரியல், அவ்வளவே. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அறையில் பேசும் பேச்சுக்குச் சவ்வு அதிரும், மின்தேக்கம் மாறும், திரும்பி வரும் அலையில் பேச்சு ஏறிவிடும். தெரமினில் கை செய்த வேலையை இங்கே குரல் செய்தது. 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. "கெட்டிக்காரன்தான். ஆனா பாவம்ல அவன்" என்றார் அப்பா.

ஆக, கம்பெனி கைவிட்டது, செய்தவர் காணாமல் போனார். வாத்தியம் எப்படிப் பிழைத்தது? வீட்டு மேசைகளில்தான். ரேடியோ பைத்தியங்களுக்கான பத்திரிகைகளில் வரைபடங்கள் வந்துகொண்டிருந்தன. 1949இல் நியூயார்க்கில் ஒரு பள்ளிப் பையன் அப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்து, இன்ஜினியரான தன் அப்பாவின் பட்டறையில் ஒன்றைச் செய்தான். பெயர் ராபர்ட் மூக். 1954 ஜனவரியில், பத்தொன்பது வயதில், தெரமின் செய்வது எப்படி என்று தானே ஒரு பத்திரிகையில் எழுதினான். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்து விற்க ஆரம்பித்தார்கள். 1961இல் டிரான்சிஸ்டரில் செய்யும் முறையை எழுதி, உதிரிகளை ஒரு பெட்டியில் போட்டு 49 டாலர் 95 சென்ட்டுக்கு விற்றார். ஆயிரம் பெட்டி வரை போனது. ஆர்.சி.ஏ. மலையைக் கெல்லி விற்றது 500. ஒரு கல்லூரி மாணவர் வீட்டிலிருந்து விற்றது அதைப் போல இரண்டு மடங்கு. பெட்டியை வாங்கினவர் தானே சால்டர் வைக்கிறார், தானே குமிழைத் திருப்பி அழவிட்டுச் சிரிக்கவிட்டுக் கற்றுக்கொள்கிறார். ஊளையிட்டால் கடைக்காரனைத் திட்ட மாட்டார். அப்படி ஒரு பெட்டியை வாங்கியிருந்த ஹெர்ப் டாய்ச் என்ற இசையாசிரியர் பிறகு மூக்கைச் சந்தித்துப் பேசப்போய், 1964இல் மூக் சிந்தசைசர் பிறந்தது. இன்றைக்கு நம் சினிமாப் பாட்டில் கேட்கும் எத்தனையோ சத்தங்களுக்கு அது பாட்டன்.

நிற்க. எங்கள் கதைக்கு வருகிறேன்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு போனேன். சிடி 4093 என்ற ஒரே ஐ.சி.யில் இரண்டு ஆஸிலேட்டரும் ஒரு கலப்பியும் செய்துவிடலாம் என்று படித்திருந்தேன். ஐ.சி.யின் விலை வடா பாவ் விலை. இரண்டு ராத்திரி கையைச் சுட்டுக்கொண்டு சேர்த்தோம். சத்தம் வந்தது. ஆனால் மேலே மட்டும் கீச்சிடும். கீழே இறக்கினால் ஒரு இடத்தில் பட்டென்று செத்துவிடும். மந்திர ஸ்தாயியே கிடையாது.

அப்பா எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ரெண்டையும் ஒரே வீட்டுல வச்சிருக்கே. ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிடுது" என்றார். அதுதான் காரணம். ஒரே ஐ.சி., ஒரே சப்ளை. இரண்டும் நெருங்கும்போது ஒன்றின் துடிப்பு மற்றதற்குள் கசிந்து, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்டால் வித்தியாசம் ஏது?

"ரேடியோ மூணு வாங்கிட்டு வா. பழசு போதும்" என்றார்.

தெருவோரக் கடையில் மூன்று மீடியம் வேவ் டிரான்சிஸ்டர்கள் கிடைத்தன. இந்த வகை ரேடியோ ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆஸிலேட்டர் இருக்கிறது. நாம் முள்ளை வைக்கும் இடத்துக்கு 455 கிலோ ஹெர்ட்ஸ் மேலே அது துடிக்கும். முதல் இரண்டு ரேடியோவிலும் முள்ளை 1000இல் வைத்தால் ஆஸிலேட்டர்கள் 1455இல் ஓடும். அவற்றின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். மூன்றாவது ரேடியோவை 1455இல் வைத்தால் அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டு, வித்தியாசத்தை விசிலாகத் தரும். ஒன்றின் கேங் கண்டென்சரில், ஆஸிலேட்டர் பக்கத்துக் காலில், ஒரு கம்பியைப் பற்றவைத்துச் செப்புக் குழாயில் இணைத்தால் அதுதான் ஏரியல்.

பற்றவைக்கும்போது மகள் தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நடுங்கும் கை இரும்பைத் தொட்டதும் நின்றுவிட்டது. எனக்கு அது ஆச்சரியம். அவருக்கு இல்லை.

சுருதி சேர்ப்பதுதான் நிஜமான வேலை. குழாயை இணைத்ததுமே அந்த ஆஸிலேட்டர் கீழே இறங்கிவிடுகிறது. முள்ளைத் திருப்பி மறுபடி பிடிக்க வேண்டும். வாசிப்பவர் தன் இடத்தில் நின்று, கையைத் தோளருகே மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் விசில் இறங்கி, இறங்கி, 'வோம் வோம்' ஆகி, நிற்க வேண்டும். அப்பா முள்ளை விரலால் திருப்பவில்லை. பிளாஸ்டிக் சீப்பின் பல் ஒன்றை உடைத்து, அதால் டிரிம்மரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். உலோக ஸ்க்ரூ டிரைவர் கிட்டே போனாலே சுருதி ஓடிவிடும். மௌனத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதையும் அவர்தான் காட்டினார். தப்பான பக்கத்தில் நின்றுவிட்டால், கை நெருங்கும்போது சுருதி முதலில் இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, பிறகு ஏறும். சரியான பக்கத்தில் வைத்தால் நேராக ஏறும். அப்படியும் ஏரியலுக்குக் கிட்டே ஒரு ஸ்தாயி விரலளவு இடத்தில் நெருக்கிக்கொள்ளும். தள்ளிப்போனால் ஒரு ஸ்தாயிக்கு முழங்கை நீளம் வேண்டும். நல்ல கருவிகளில் ஏரியலோடு தொடராகப் பெரிய காயில் போட்டு இதைச் சமப்படுத்துகிறார்கள். காயில் சுற்றுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு ச-ப-ச பிடிக்கவே ஒரு வாரமானது. பள்ளியில் வைத்த அன்று, சுற்றிலும் இரும்பு பெஞ்ச், நாற்பது பிள்ளைகள். வீட்டில் சேர்த்த சுருதி போயே போய்விட்டது. அங்கேயே நின்று அவளே சீப்புப் பல்லால் சேர்த்தாளாம். மார்க் சுமார்தான். டம்ளர் கொண்டுவந்த பையன் முதல் பரிசு.

தெர்மெனின் முடிவைச் சொல்லவில்லையே. விடுதலையான பிறகும் உளவுத்துறைக்கே 1960களின் நடுப்பகுதி வரை வேலை செய்தார். பிறகு மாஸ்கோ இசைப்பள்ளியில் ஒரு மூலை கிடைத்தது. 1967இல் அங்கே அவரைச் சந்தித்த நியூயார்க் டைம்ஸ் நிருபர், அவர் உயிரோடு இருப்பதை எழுதினார். விளைவு, வேலை போயிற்று. செய்து வைத்த கருவிகளை உடைத்தார்கள். ஆனாலும் உறவுக்காரப் பெண் லிடியா காவினாவுக்கு ஒன்பது வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அவர் உலக அளவில் பெயர் வாங்கினார். 1991இல், தொண்ணூற்று ஐந்து வயதில், தெர்மென் மறுபடி அமெரிக்கா போய் கிளாராவைப் பார்த்தார். 1993 நவம்பரில் மாஸ்கோவில் காலமானார்.

இதைச் சொன்ன ராத்திரி அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "கருவியை உடைச்சிருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

பங்குனியில் குலதெய்வம் கோவில் கொடைக்கு அப்பா ஊருக்குப் போயிருந்தார். பதினைந்து நாள். முதல் நாள் சாயங்காலமே மகள் கூப்பிட்டாள். தெரமினில் கையை மடக்கி வைத்தாலும் மௌனம் வரவில்லை. அடியில் ஒரு முனகல். பேட்டரி மாற்றினேன், கம்பியைப் பார்த்தேன். எல்லாம் சரி. பிறகுதான் புரிந்தது. அப்பாவின் நாற்காலி ஏரியலிலிருந்து நாலடி தூரத்தில் இருக்கிறது. அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போது சேர்த்த சுருதி அது.

மகள் சீப்புப் பல்லை எடுத்தாள். வேண்டாம், தாத்தா வந்துவிடட்டும் என்றேன்.